மணல்மலையில் பெண் பார்த்தார்கள்

கோயிலுக்குத் தவிர எங்கும் சேர்ந்து போகாத எங்கள் வீட்டார், ஒரு ஞாயிறு மணற்காட்டு மணல்மலை ஏறப் போவோம் என்றார்கள். அம்மா பட்டுச் சேலையை நீட்டினார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மணல் ஏற ஏனம்மா பட்டு?"

"வாயை மூடிக்கொண்டு உடு."

உச்சியில் ஒரு குடும்பம் பாய் விரித்து உட்கார்ந்து, நான் ஏறி வருவதையே பார்த்தது. நடுவில் ஒரு மாப்பிள்ளை முகம். நான் மேலே வந்ததும் அவனுடைய தாய் சிரித்தார்.

"பிள்ளைக்குத் தொய்வு, மூச்சிழுப்பு எண்டு ஆரோ சொன்னவை. மூச்சு வாங்கேல்லை, நல்லது."

மாட்டை நடத்திப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்திருக்கிறார்கள். அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமி, உங்கடை மகனும் ஒருக்கா இறங்கி ஏறட்டும். நானும் பாக்க வேணும்."

அம்மா கையில் கிள்ளினார். அவன் எழும்பவில்லை. நான் தனியே இறங்கினேன். அந்தச் சம்பந்தமும் அத்தோடு சரி.