வெயிலை முதுகில் வைத்து

கப்பல் கூட்டத்தைப் பின்னால் துரத்திப் பிடிக்க முடியாது. இதை நான் கடலில் கற்கவில்லை. கடலையே அப்போது நான் பார்த்ததில்லை. கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையின் மாடியில், செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உட்காரும் கம்ப்யூட்டர் சென்டரில் கற்றேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருடங்கள் அவை. பி.எஸ்சி. முடித்துவிட்டு வடக்கனந்தலில் அப்பாவின் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் படித்தால் உடனே வேலை என்று யாரோ கிளப்பிவிட்டதை நம்பி, தினமும் சைக்கிள் மிதித்து வகுப்புக்குப் போனேன். இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஏ.சி., திரைச்சீலை, காலையில் ஊதுபத்தி. எங்களுக்குத் தள்ளாடிச் சுற்றும் ஒரு மின்விசிறி. நாங்கள் சார் என்று கூப்பிட்ட சென்டர் உரிமையாளர், மெட்ராஸிலிருந்து ஒரு பிளாப்பியில் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தார். உலகப் போர்க்காலத்து நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று. அதை ஓட்டிப்போய், காவல் கப்பல்களுக்கு நடுவே வரிசையாகப் போகும் சரக்குக் கப்பல்களை மூழ்கடிக்க வேண்டும். அவருக்கு இரண்டே நாளில் சலித்துவிட்டது. எனக்கும் அவளுக்கும் சலிக்கவில்லை.

அவள் எங்கள் வகுப்பில் படித்தாள். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம். அவளுடைய அப்பாவுக்குக் கல்வராயன் மலையில், வெள்ளிமலை வன அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை இறங்குவார், திங்கட்கிழமை ஏறுவார். மாடி ஜன்னலில் மேற்கே மலை தெரியும். மேகம் படுத்திருந்தால், "அதோ, அதுக்குக் கீழதான் எங்கப்பா நனைஞ்சிக்கினு இருக்காரு" என்பாள். அவர்கள் சாதி வேறு, எங்கள் சாதி வேறு. இதை நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. பேசாமல் இருந்ததிலேயே இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பியதும் சார் எங்களுக்கு அரைமணி நேரம் கொடுப்பார். விசைப்பலகை அவளிடம், கட்டம் போட்ட நோட்டு என்னிடம். எதிரிக் கப்பல் எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. சுடுவது அவள் வேலை. தண்ணீருக்கடியில் எங்கள் கப்பல் ஆமை வேகம்தான் போகும். ஆகவே கூட்டத்தைத் தொலைவில் பார்த்ததும், கண்ணில் படாமல் வெகுதூரம் சுற்றிக்கொண்டு ஓடி, அவர்கள் வரப்போகிற வழியில் முன்னாலேயே போய் முங்கிக் கிடக்க வேண்டும். முன்னால் வரும் காவல் கப்பலைத் தலைக்கு மேல் போகவிட்டு, வரிசைக்கு நடுவில் எழும்ப வேண்டும். தண்ணீருக்கு மேலே நீளும் தூரநோக்கியை ஒரு நொடி உயர்த்தி, பார்த்து, உடனே இறக்கிவிட வேண்டும். பகலில் எழும்பினால் வெயில் நம் முதுகில் இருக்க வேண்டும். பார்க்கிறவன் கண் கூசும், நம்மைத் தெரியாது. விளையாட்டோடு வந்த ஜெராக்ஸ் புத்தகத்தில் இதெல்லாம் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அதை மனப்பாடமே செய்துவிட்டோம். பரீட்சைக்கு அப்படிப் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன்.

வேகம் பார்க்கப் பழக எங்களுக்குக் கப்பல் கிடைக்காததால் கரும்பு டிராக்டர்களைப் பிடித்துக்கொண்டோம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பேற்றிய வண்டிகள் உரக்கடைக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஜன்னல் கம்பி ஒன்றில் கண்ணை நிறுத்திக்கொண்டு, டிரெய்லரின் மூக்கு கம்பியைத் தொட்டதிலிருந்து வால் கடக்கும்வரை அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். நீளத்தை அந்த எண்ணால் வகுத்து நான் வேகம் சொல்வேன். சரியா தப்பா என்று சொல்ல அங்கே ஆளில்லை. ஆனாலும் சண்டை போடுவோம்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. குறி சரியாக அமையும்வரை விடமாட்டேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன்.

"இன்னும் கிட்ட வரட்டும்னு சொல்லிக்கினே இருக்கீங்க. அவங்க போயே போயிடுவாங்க" என்பாள்.

பாதி நாள் போய்த்தான் விடுவார்கள். மீதி நாள் அவள் என்னைக் கேட்காமலே சுட்டுவிடுவாள். உடனே காவல் கப்பல்கள் திரும்பிவந்து எங்கள் தலைமேல் குண்டுகளைப் போடும். அப்போது ஆழத்துக்குப் போய், மோட்டாரை நிறுத்தி, சத்தமில்லாமல் கிடக்க வேண்டும். நிறுத்த வேண்டியது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மோட்டாரை. நாங்களோ மூச்சையும் நிறுத்திக்கொள்வோம். ஒருமுறை சார் எட்டிப் பார்த்து, "இன்னா, கரண்ட்டு போயிடுச்சா? ரெண்டு பேரும் இப்பிடி உக்காந்துக்கினு இருக்கீங்க" என்றார். அவள் உதட்டில் விரலை வைத்தாள். சாரும் ஏனென்று தெரியாமலே மெதுவாக நடந்து போனார்.

அந்த ஆழத்தில் மட்டும் அவள் என்னை "நீ" என்பாள். "நீ அசையாத. நீ நோட்டப் பாரு." மேலே வந்து ஆபத்து நீங்கியதும் மறுபடியும் வாங்க, போங்க. குண்டு விழுவதற்காக நான் காத்திருந்த நாட்கள் உண்டு. அவள் என்னை அப்படிக் கூப்பிட வேண்டும் என்பதற்காகவே தப்பான ஆழம் சொல்லியிருக்கிறேன். இதை இப்போதுதான் முதல்முறையாக ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு மறியல் வந்தது. சாலைகளில் மரங்கள் சாய்ந்தன, பஸ்கள் நின்றன. எங்கள் ஆட்கள்தான் மறித்தார்கள். நானும் ஒருநாள் போய் ரோட்டில் உட்கார்ந்தேன். கேட்டது நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் சென்டர் மூடிக் கிடந்த நாட்களில் எனக்கு நியாயம் தெரியவில்லை. அவளைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது.

ஒரு மத்தியானம் சார் பாதிக் கதவைத் திறந்து வைத்திருந்தார். அவள் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள்.

"அப்பாவுக்கு மாத்தல் வந்துடுச்சு. திரும்ப வேலூருக்கே" என்றாள். "நாளன்னிக்கிக் காலையில போலீசு காவலோட பஸ்ஸுங்க போவுதாம். அதுல போறோம்."

நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"பஸ் ஸ்டாண்டுக்கு வராத. அப்பா இருப்பாரு. வழியில எங்கனா நில்லு. நான் உன்னப் பாக்கணும். பாத்தேன்னா இந்த சென்டர் அட்ரசுக்கு லெட்டர் போடறேன். பாக்கலன்னா உனக்கு அவ்ளோதான்னு நெனச்சிக்கறேன்."

அன்று எங்களை எந்தக் கப்பலும் துரத்தவில்லை. இருந்தும் அவள் "நீ" என்றாள். ரிஷிவந்தியத்துக்கு முன்னால் ஒரு வளைவில் புளியமரம் விழுந்து கிடப்பதாகவும், அங்கே நிற்பதாகவும் சொன்னேன். என் அத்தை மகன் அந்த மரத்தைச் சாய்த்தவர்களில் ஒருவன். பாதி இழுத்துப் போட்டு ஒரு வண்டி போக மட்டும் வழி விட்டிருப்பதாக அவன்தான் சொல்லியிருந்தான். பஸ்கள் அங்கே நின்று நின்று, ஒவ்வொன்றாகத்தான் போக முடியும்.

கூட்டத்துக்கு முன்னால் போய்க் காத்திருக்க வேண்டும் அல்லவா. முந்தின நாளே சைக்கிளில் புறப்பட்டு அத்தை வீட்டில் தங்கினேன். விடிந்ததும் அந்த இடத்துக்குப் போய், நோட்டைத் திறந்து உட்கார்ந்தேன். சாலை அங்கே வடக்கே போகிறது. மேற்குப் பக்கம் சோளக்கொல்லை. கிழக்குப் பக்கம் ஒரு வயல் தள்ளிக் கிணற்று மேடு. போலீஸ்காரர்கள் என் வயசுப் பையன்களைக் கண்டால் ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்த சமயம். யோசிக்கவே இல்லை, கை தானாக எழுதியது. கிழக்கு. வெயில் முதுகில்.

முதலில் ஜீப் வந்தது. பிறகு பஸ்கள். ஏழு இருந்தன, கடைசியில் ஒரு போலீஸ் வேன். ஜீப் என்னைத் தாண்டிப் போனது, ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாவது பஸ்ஸில் அவள் இருந்தாள். மரத்துக்கு முன்னால் பஸ் நின்றதும் இருக்கையிலிருந்து எழுந்தாள். மேற்கு ஜன்னல் பக்கம் குனிந்து பார்த்தாள். அங்கே கொல்லையில் ஆடு மேய்க்கும் ஒரு கிழவர் நின்றிருந்தார். வெயில் அவர் முகத்தில் பளிச்சென்று விழுந்தது. அப்புறம் இந்தப் பக்கம் வந்தாள். நான் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். அவள் கண்ணுக்கு மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நேராக என்னைப் பார்த்தாள். தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

அவள் முகம் மாறவே இல்லை.

ஏன் என்று பார்க்க நான் திரும்பினேன். சூரியன் கிணற்று மேட்டுக்கு மேலே முழுசாக நின்றது. என் கண்ணே மூடிக்கொண்டது. கத்தியிருக்கலாம். பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம். சத்தம் போடக்கூடாது என்று பழகிய வாய் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் அந்தக் கிழவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் என் சட்டைப் பொத்தானைக்கூட எண்ணியிருப்பாள்.

பஸ் நகர்ந்தது. அவள் கையைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் என் கால் அசைந்தது. வரப்பில் விழுந்து எழுந்து ரோட்டுக்கு வந்தபோது கடைசி வேனும் மரத்தைத் தாண்டிவிட்டது. பின்னால் துரத்திப் பிடிக்க முடியாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் ரிஷிவந்தியம் கோயில் கோபுரம் தெரிகிறவரை ஓடினேன்.

சென்டர் மறுபடியும் திறந்ததும் தினமும் போனேன். தபால்காரர் உரக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார். படியேறும்போது கடைக்காரரை ஒரு பார்வை பார்ப்பேன். அவர் உதட்டைப் பிதுக்குவார். ஆறு மாதம் கழித்து அவர் உதட்டைப் பிதுக்குவதையும் விட்டுவிட்டார். கடிதம் வரவில்லை.

என் மகளின் லேப்டாப்பில் இப்போது அதே மாதிரி விளையாட்டு ஒன்று இருக்கிறது. கடல் நிஜக் கடல் மாதிரியே தெரிகிறது, தண்ணீரில் வெயில் மின்னுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுகிறேன். கூட்டத்துக்கு முன்னால் சுற்றிக்கொண்டு போகிறேன், வழியில் காத்திருக்கிறேன், எல்லாம் பழையபடிதான். எழும்பும்போது மட்டும் வெயில் என் முகத்தில் அடிக்கிற பக்கமாக எழும்புகிறேன்.

மகள் நேற்றும் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அந்தப் பக்கம் போனா ஒன்னப் பாத்துடுவாங்கப்பா" என்றாள்.

"பாக்கட்டும்மா" என்றேன்.