கம்ப்யூட்டர் வீடு

இதையெல்லாம் எழுத நீ யார் என்று நீங்கள் கேட்கலாம். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். சுங்கை பெசாரில் ஒரு துணிக்கடையில் சன்னல் திரைச்சீலைக்கு அளவெடுத்து வெட்டிக் கொடுப்பதுதான் வேலை. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சப்படுவேன், துணியைப் பார்த்துத்தான் பேசுவேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சுங்கை சோவில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வாசனை வந்துவிட்டது. சூடான தூசியின் வாசனை. நெடுநாள் கிடந்த இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் சூடேற்றினால் முதலில் ஒன்று வருமே, அதைப் போல. ஹாலில் அண்ணன் மகள் தர்ஷினி ஒரு பழைய கம்ப்யூட்டர் திரையை மேசைமேல் ஏற்றி வைத்திருந்தாள். முதுகு பானை மாதிரி பிதுங்கிய அந்தக் காலத்துத் திரை. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது, இப்போது பழுத்து மஞ்சளாகிவிட்டது.

"அத்தை, பாத்தீங்களா! கம்போங் குவாந்தான்ல ஒரு அங்கிள் வீட்டு ஸ்டோர்ல கெடந்துச்சு. பழைய கேம் எல்லாம் இதுல போட்டாதான் லா அழகு. புது ஸ்கிரீன்ல பல்லுப் பல்லா தெரியும்."

அவள் ஆபீசில் கூட வேலை செய்யும் பிரவின் மத்தியானம் விளையாட வருகிறானாம். அவனிடம் ஒன்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். "எங்க தாத்தா அந்தக் காலத்துலயே எஸ்டேட் வீட்டுல கம்ப்யூட்டர் வச்சிருந்தாருன்னு சொன்னேன். அவன் நம்பல அத்தை. அப்பாதான் எனக்குச் சொன்னாரு."

அண்ணன் எப்போது சொன்னானோ, எதற்குச் சொன்னானோ. சாப்பாடு வாங்க ராவாங்குக்குப் போயிருந்தான். அப்பா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்குகிறார். அவர் பக்கம் திரும்ப எனக்குத் துணிவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்ததே இல்லை. திரை மட்டும்தான் இருந்தது.

அப்பா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டினார். ஆபீசில் பழைய சாமான்களைக் கழித்தபோது, கணக்கு வழக்குப் பார்க்கும் கிராணி ஐயா அந்தத் திரையைக் காட்டி, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றிருக்கிறார். செம்பனைக் குலை ஏற்றும் பின்பக்கத்தில் அதை வைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. தன் சட்டையைக் கழற்றிச் சுற்றி, முன்சீட்டில் உட்கார வைத்து, பனியனோடு ஓட்டி வந்தார். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

எங்களுக்குத் திரைக்கும் கம்ப்யூட்டருக்கும் வித்தியாசம் தெரியாது. என் பள்ளியில் கம்ப்யூட்டர் அறை எப்போதும் பூட்டியே இருக்கும். சன்னல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் வரிசையாகத் திரைகள் மட்டும் தெரியும். மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க யாரும் எங்களைக் கூட்டிப் போனதில்லை.

வீட்டில் சுவிட்சைப் போட்டதும் திரைக்கு உள்ளே 'டொய்ங்' என்றது. பக்கத்தில் நின்றவர்களின் கை மயிர் எழுந்து நின்றது. கறுத்த கண்ணாடியில் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஒரு சின்னக் கட்டம் வந்தது. அதற்குக் கீழே இங்கிலீஷில் ஒரு வரி.

"என்ன எழுதியிருக்கு? படி புள்ள," என்றார் அப்பா.

"கேபிளப் பாருங்கன்னு போட்டிருக்குப்பா."

அப்பா சுவரிலிருந்த பிளக்கை அழுத்திப் பார்த்தார். திரும்பி வந்து, "பாத்துட்டேன்," என்று அந்தத் திரையிடமே சொன்னார்.

கட்டம் ஓரிடத்தில் நிற்காது. சற்று நேரம் இங்கே இருக்கும், பிறகு வழுக்கிக்கொண்டு வேறெங்காவது போகும். அதையே விளையாட்டாக்கிக்கொண்டோம். ஆளுக்கு ஒரு மூலை. யாருடைய மூலைக்குக் கட்டம் வருகிறதோ அவருக்கு ஒரு பிடி கச்சாங் கடலை. அப்பாவுக்கு இடது பக்க மேல் மூலை. எனக்கு அதற்கு நேர் கீழே. எதிர்ப் பக்கம் மேலே அண்ணனுக்கு. மிச்ச மூலைக்கு லயத்துப் பிள்ளைகள் முறை வைத்து அடித்துக்கொள்வார்கள். ஆயுத பூஜைக்கு அப்பாவின் லோரிக்குச் சந்தனம் வைத்த கையோடு அம்மா இதன் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு பெரிய பொட்டு வைத்துவிட்டார். துடைக்க யாருக்கும் மனமில்லை. கட்டம் பொட்டுக்குப் பின்னால் புகுந்து வந்தால் இரண்டு பிடி கச்சாங் என்று சட்டத்தை மாற்றினோம். இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது அதற்காக அழுத பிள்ளைகள் உண்டு.

தீபாவளிக்கு முறுக்கு கொடுக்க கிராணி ஐயா மகள் வந்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், என் வயதுதான். ஹால் நிறைய ஆட்கள். அவள் திரையின் பின்பக்கம் எட்டிப் பார்த்து, தொங்கிக்கொண்டிருந்த இன்னொரு கேபிளைக் கையில் எடுத்தாள்.

"இது மொனிட்டர் மட்டும் எல்லோ? கம்ப்யூட்டர் எங்க?"

கேலி செய்யக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பள்ளி திறந்ததும் பஸ்ஸில் ஆரம்பித்துவிட்டது. "கம்ப்யூட்டர் வீட்டுப் புள்ள வருது, எடம் விடுங்கடா! ஏய், கேபிளப் பாத்துட்டியா?" அப்பாவின் லோரி கம்ப்யூட்டர் லோரி ஆனது. நான் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேலே பழைய கைலியைப் போட்டு மூடினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் அவமானத்தில் வாயடைத்துப்போனார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவர் இருக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல் வந்தாலே நான் எழுந்து போய்விடுவேன்.

பிரவின் வந்தான். கண்ணாடி போட்ட, மரியாதையான பையன். அப்பாவைக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். "ஆன்ட்டி, அப்ப நீங்க என்ன கேம் ஆடுனீங்க?"

தரையைப் பார்த்தேன். "கார்... கார் ஓட்டுற கேம்," என்றேன். என் காது சுட்டது. அப்பாவைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு.

"காரா?" நாற்காலியிலிருந்து அப்பாவின் குரல். "காரு எங்க புள்ள இருந்துச்சு?"

எல்லாரும் திரும்பினோம்.

"கம்ப்யூட்டரே இல்லியேப்பா. தெர மட்டும்தான். எனக்கு அப்ப தெரியாது, அதான் கம்ப்யூட்டருன்னு தூக்கிட்டு வந்துட்டேன்." நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். "ஒரு கட்டம் மெதக்கும். அத வச்சு ஆடுவோம். ஏ அப்பா, என்னா சண்ட வரும்!"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். பிறகு திரையின் பின்னால் போய், கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளைப் பிடுங்கினாள். கட்டம் வந்துவிட்டது. நிறம் கொஞ்சம் வேறு, ஆனால் அதேபோல வழுக்கியது. அப்பா நாற்காலியை அவரே இழுத்துக்கொண்டு வந்தார்.

"மேல் மூல என்னுது."

"அப்ப எனக்கு இந்தப் பக்கம் மேல, தாத்தா!"

"நான் அதுக்குக் கீழ," என்றான் பிரவின். "வருது, வருது... ஐயோ, போச்சு லா!"

"தாத்தா சீட்டிங் பண்றாரு!"

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "எனக்குக் கீழ உள்ளது உன் மூலதானே? வா புள்ள, காலியாக் கெடக்கு."

தேத்தண்ணி போடுகிறேன் என்று சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். தண்ணீர் கொதித்து வற்றும்வரை அங்கேயே நின்றேன். இத்தனை வருடமாக அவருக்காக வெட்கப்படுவதாக நினைத்திருந்தேன். அவரிடம் அந்த வெட்கம் இல்லை. முழுவதும் என்னிடம்தான் இருந்திருக்கிறது. ஹாலில் கைதட்டுகிற சத்தம் கேட்டது.

லயம் இப்போது இல்லை. அந்த இடத்தில் மாடி வீடுகள் வந்துவிட்டன. கிராணி ஐயா குடும்பம் எங்கே என்று தெரியவில்லை. எங்கள் திரையை, நாங்கள் தோட்டத்தை விட்டு வந்த அன்று, கைலியோடு அப்படியே வைத்துவிட்டு வந்தோம். இந்தக் காலத்துத் திரைகளில் கேபிளைப் பிடுங்கினால் ஒரு நொடி எதையோ காட்டிவிட்டு அணைந்துவிடுகின்றன. எதுவும் மிதப்பதில்லை.

மறுநாள் காலையில் அண்ணன் போன் செய்தான். அப்பா மறுபடியும் கேபிளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றான். சரி என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனேன்.