வெளிச்சத்துக்கு மேலே வராத இறால்கள்

அன்றைக்கு நல்லசிவத்துக்கு வந்த கோபத்தில் டில்லிக்கே தீ வைத்திருப்பான். எண்பதாம் வருடம் அது. அருங்காட்சியகம் ஒன்றில் மாடல் செய்கிற வேலை. சேர்ந்த நாளிலிருந்து தினக்கூலிதான். கடல் பெட்டி ஒழுங்காக ஓடினால் வேலையை நிரந்தரமாக்குவதாக டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

பெட்டி ஆள் உயரக் கண்ணாடி, அடிப்பகுதி முழுக்கக் கறுப்பு. கடலில் இறாலும் பொடி மீன்களும் பகல் வெளிச்சத்தில் பெரிய மீனின் கண்ணில் படாமலிருக்க ஆழத்து இருட்டுக்கு இறங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் இரை தேடி மேலே வரும். அதை அப்படியே செய்துகாட்டினான். உச்சியில் வெளிச்சத்தை உணரும் ஒரு மின்கண். கூடத்து விளக்கு மங்கினால் மோட்டார் சுழன்று, கம்பியில் தொங்கும் மெழுகு இறால்களை மேலே இழுக்கும். பிரகாசமானால் கீழே இறக்கிவிடும். முதல் தடவை ஓடியபோது அவனே கைதட்டிக்கொண்டான்.

திறந்த மறுநாளே வந்தது வினை. இருட்டு மூலையில் காதல் ஜோடிகள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்களாம். காவல் பொறுப்பாளர் சௌத்ரி பெட்டிக்கு நேர் மேலே இரண்டு டியூப்லைட்டை மாட்டிவிட்டார். அவ்வளவுதான், இறங்கின இறால்கள் இறங்கினவைதான். ஜனங்கள் எட்டிப் பார்த்து, "காலி ஹை" என்று நடையைக் கட்டினார்கள்.

சௌத்ரியிடம் "பையா, பையா" என்று இந்தியில் அண்ணன் முறை வைத்துக் கெஞ்சிப் பார்த்தான். அந்த ஆள் அசையவில்லை. டைரக்டரிடம் ஓடினான்.

"லைட்டும் எரியணும், மீனும் தெரியணும். முடியாதென்றால் பெட்டியைத் தூக்கு" என்றார் அவர்.

"லைட் இருந்தா வராது சாப், அதுதானே விஷயமே!" கத்தியேவிட்டான்.

"அச்சா. அப்போ உன் வேலையையும் மறந்துவிடு."

அந்த மனிதரிடம் எதைச் சொல்லி என்ன! பல்லைக் கடித்துக்கொண்டு மின்கண்ணைப் பிடுங்கி எறிந்தான். இறால்களை உச்சியில் இழுத்துக் கட்டினான். டைரக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த வாரமே கூட்டம் அலைமோதியது.

ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி வடிவு முனிர்கா வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்தாள். பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"என்னங்க இது? வெளிச்சம் பட்டா ஓடி ஒளியும்னு ஒரு வருசமா சொல்லிச் சொல்லி என் உசுர எடுத்தியளே. இதுக என்னடான்னா லைட்டுக்கு அடியில பல்லக் காட்டிக்கிட்டு நிக்குதுவ!"

ஊரே பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, ஒருவர் வாயிலும் இந்தக் கேள்வி வரவில்லை.

"வேலை நிரந்தரமாயிட்டு, வடிவு" என்றான், பெட்டியைப் பார்க்காமல்.