கதவுக்குள்ளிருந்து வந்த கேள்வி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. வாக்கியம் முன்பின்னாக வரும், சொன்னதையே திரும்பச் சொல்வேன், மறதி வேறு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தடவை மாநகராட்சித் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவரை என் மருமகள் வாசலில் நின்றபடியே, "போன தடவை வந்தவரும் இதையேதான் சொன்னாரு, குழாயில காத்துதான் வருது" என்று மடக்கிவிட்டாள். அவர் போன பிறகு திரும்பிப் பார்த்தால் நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "எதுக்கு மாமி நிலையை இப்பிடிப் பிடிச்சுக்கிட்டு நிக்கீங்க?" என்று சிரித்தாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ. கால்வாய்க் கரையில் இருந்த எங்கள் ஊர் அப்போது தனி முனிசிபாலிட்டி. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துதான் வாப்பா நெய்வார். நூல் கொடுப்பதும், நெய்த கைலியை எடுத்துக்கொள்வதும் முதலாளி. அவர் நூல் கொடுத்தால் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

அந்த முதலாளி தெருக்கோடியில் புதிதாக ஒரு குடோன் கட்டினார். அதன் சுவர் சாக்கடையின் வாயை மறித்துக்கொண்டு நின்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐப்பசியில் மழை பிடித்தது. ஆற்றில் வெள்ளம் வந்து கால்வாய் நிறைந்தால் சாக்கடைத் தண்ணீர் எப்போதுமே கொஞ்சம் எதிர்த்து வரும். அந்த வருஷம் போக வழியே இல்லாமல் அத்தனையும் திரும்பி வந்து ஒவ்வொரு வீட்டுத் தறிக்குழியிலும் இறங்கிவிட்டது. உம்மாவும், நான் லாத்தா என்று கூப்பிடும் என் அக்காவும், நானும் செம்பால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினோம். விடிந்து பார்த்தால் பழையபடி நிறைந்திருக்கும். பாதி நெய்த துணி நாற்றம் பிடித்து வீணாயிற்று. மழைக்காலம் முழுக்க வாப்பா வேலையில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் கஞ்சியில் ஓட்டினோம். இன்னொரு மழை இப்படி வந்தால் தறியை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான் என்று உம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த மழைக்கு முன்னால் முனிசிபல் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். இன்னொருவர் முதலாளியேதான்.

ஆண்களால் அவரை எதுவும் கேட்க முடியாது. பக்கத்துத் தெருவில் ஒருவர் கூலி விஷயமாக ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நூல் கிடைக்காமல், சைக்கிளில் உப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு சீவலப்பேரிப் பக்கம் விற்கப் போய்க்கொண்டிருந்தார். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது எங்கள் தெரு ஆண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

அப்போதெல்லாம் எங்கள் பெண்கள் வெளி ஆண்களுக்கு முன்னால் வரமாட்டார்கள். ஓட்டுக் கேட்டு யாராவது வந்தால் ஏதாவது ஒரு வீட்டில் கூடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். சொல்ல வேண்டியதை ஒரு சின்னப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவார்கள். அந்தப் பிள்ளையே பதிலையும் கொண்டுவரும். வழக்கமாக "ஒண்ணுமில்ல, உங்களுக்காக துஆ செய்யுதோம்" என்றுதான் சொல்லி அனுப்புவது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் கூடுவது என்று முடிவாயிற்று. லாத்தா வயதுக்கு வந்து கதவுக்கு உள்ளே போய்விட்டாள். தூது போக மிச்சம் நான்தான்.

ஆண்கள் கேட்க முடியாததைப் பெண்கள் கேட்கலாம் என்ற யோசனை உம்மாவுடையது. "ஏட்டி, ஆம்பளைக்குத்தான முகம் இருக்கு? கதவுக்குள்ள இருக்கது எந்தப் பொம்பளன்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? யாருன்னு தெரிஞ்சாத்தான நூலை நிறுத்துவாரு" என்றாள்.

பிறகு என்னை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். "யாரு கேட்டான்னு கேப்பாவ. வாயைத் தொறந்திராத."

"பொய் சொன்னா பாவம்னு ஓதுற எடத்துல சொல்லியிருக்காவளே?"

"உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. சொல்லாம இருன்னுதான் சொல்லுதேன்."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குச் சாதாரணமாகவே கடைக்குப் போய் உப்புக் கேட்கக்கூடக் குரல் வராது.  நான் உளறிவிட்டால் வாப்பாவும் உப்பு மூட்டையோடு போவார் என்பதே கண்ணுக்குள் நின்றது.

காலையில் வாத்தியார் வந்தார். அவரிடம் போய்வருவது சுலபமாக இருந்தது. விளக்கு வேண்டும் என்றால் தருவேன் என்றார், குழாய் என்றால் தருவேன் என்றார். உள்ளே இருந்த பெரியம்மா, "எனக்குப் பல்லு கட்டித் தருவாரான்னு கேளுட்டி" என்றாள். விளையாட்டு என்று தெரியாமல் நான் அதையும் போய்க் கேட்டேன். "அதையும் கவனிப்போம்மா" என்றார் அவர். உள்ளே பெண்கள் முட்டாக்குத் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு முதலாளி வந்தார். பத்துப் பதினைந்து பேர் கூட. வாசலில் நாற்காலி போட்டார்கள். வாப்பா வந்து சலாம் சொன்னார். "அவசரமா முடிக்க வேண்டிய பீசு கெடக்கு மொதலாளி, நான் உள்ள போறேன்" என்றார். "நம்ம பீசுதானவே, வேலை நடக்கட்டும்" என்று முதலாளி சந்தோஷமாகவே அனுப்பினார். என்னை அத்தனை ஆண்களுக்கு நடுவில் விட்டுவிட்டு வாப்பா திரும்பிப் பார்க்காமல் போனதில் எனக்கு அழுகையாக வந்தது.

தறி இருந்த இடத்துக்கும் பெண்கள் நின்ற அறைக்கும் நடுவில் ஒரு தட்டிதான். தடக்கு தடக்கு என்று தறி அடிக்க ஆரம்பித்தது. வீடே அதிர்ந்தது. விளக்கைப் பற்றி ஒருமுறை, குழாயைப் பற்றி ஒருமுறை போய்வந்தேன். மூன்றாவதாக உம்மா என்னைப் பிடித்து இழுத்தாள். அவள் வாய் திறக்கவும் தறிச் சத்தம் இன்னும் கூடியது. அவள் உதட்டில் என் காதை ஒட்டவைத்தால்தான் கேட்டது. எனக்கு வாப்பாமேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

வெளியே வந்து, முதலாளியின் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "நீங்க கவுன்சிலரு ஆனா, சாக்கடையை அடைச்சுக்கிட்டு இருக்க உங்க குடோன் சுவரை யாரு இடிக்கச் சொல்லுவான்னு உள்ள கேக்குதாவ."

 பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த நோட்டீசு காற்றில் படபடத்தது.

"யாரும்மா கேக்குதா?" என்றார் முதலாளி. குரல் உயராமல் பதனமாகத்தான் இருந்தது.

நான் செருப்பைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கூட வந்தவர்களில் ஒருவர் கதவைப் பார்த்து, "உள்ள யாரு? மொதலாளி காதுல விழுத மாதிரி நீங்களே சொல்லுங்க" என்று சத்தம் போட்டார். உள்ளே ஏழெட்டுக் குரல் ஒன்றாகக் கிளம்பியது. தறிச் சத்தத்தில் ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

"ஏலே, அந்தத் தறியை நிறுத்தச் சொல்லு!" என்றார் முதலாளி.

உள்ளேயிருந்து வாப்பா கூவினார். "இப்ப நிறுத்துனா நூலு அறுந்துரும் மொதலாளி! இந்தா முடிச்சிட்டேன், இந்தா முடிச்சிட்டேன்!" தறி நிற்கவேயில்லை.

முதலாளி என் பக்கம் குனிந்தார். அத்தர் வாசனை அடித்தது. "நீ சொல்லு. உங்க உம்மாவா?"

 ஆமாம் என்றால் நூல் போயிற்று. இல்லை என்றால் பொய். என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிக் கையைக் காட்டினேன். "கதவுக்குள்ள இருந்து வந்துச்சு" என்றேன்.

முதலில் சிரித்தது அந்தச் சத்தம் போட்ட ஆள்தான். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் பொறுத்து முதலாளியும் சிரித்தார். "சரி, கதவுகிட்ட போய்ச் சொல்லு. ஜெயிச்ச பொறவு பாப்போம்" என்றார்.

போனேன். உம்மா விடவில்லை. "பாப்போம்னா எப்பன்னு கேட்டுட்டு வா." மறுபடி அந்தச் செருப்புக்கு முன்னால் போய் நின்றேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. "மழைக்கு முன்னாடி" என்று சொல்லிவிட்டு முதலாளி எழுந்துகொண்டார். போகும்போது தறி ஜன்னல் பக்கம் நின்று, "நூலு அறுந்துராம பாத்துக்கோவே" என்றார். "பாத்துக்கிடுதேன் மொதலாளி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அடுத்து நூல் வாங்கும் நாளில் வாப்பா போய்வரும் வரைக்கும் நான் ஒன்றும் சாப்பிடவில்லை. தலையில் நூல் சிப்பத்தோடு அவர் தெருமுனையில் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. முதலாளிதான் ஜெயித்தார். சுவரை இடிக்கவில்லை. அடியில் ஒரு பிள்ளை தவழ்ந்து போகிற அளவுக்கு உடைத்துவிட்டார்கள். அந்த மழையிலும் தண்ணீர் வந்தது. ஆனால் குழிக்குள் இறங்காமல் வாசற்படியோடு நின்றுகொண்டது. நாங்கள் ஊரைவிட்டுப் போகவில்லை.

முதலாளி வந்துபோன அன்று சாயங்காலமே நடந்த ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். தறியில் எவ்வளவு துணி ஏறியிருக்கிறது என்று சாண் வைத்து அளப்பது எனக்கு ஒரு விளையாட்டு. முதலாளி வருவதற்குக் கொஞ்சம் முன்னாலும் அளந்திருந்தேன். கூட்டம் போன பிறகு போய் அளந்தால், அப்போது எத்தனை சாணோ அத்தனைதான். ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவை எடுத்துப் பார்த்தேன். அதில் நூலே இல்லை. நான் பயந்து சாகும்போது வாப்பா வேலையும் செய்யாமல் வெறும் தறியை அடித்து விளையாடியிருக்கிறார் என்று எனக்குக் கோபம் பொங்கியது. உம்மாவிடம் ஓடிப்போய்க் கோள் சொன்னேன்.  உம்மா அன்று எனக்குக்கூடப் போடாமல் முதலில் வாப்பாவுக்குச் சோறு போட்டாள். இருந்த ஒரே முட்டையையும் அவர் தட்டிலேயே வைத்தாள். வேலை செய்யாதவருக்கு எதற்கு முட்டை என்று ரொம்ப நாள் எனக்கு மனத்தாங்கல் இருந்தது.

சுவரை உடைத்தது அந்த ஐப்பசிக்கு முன்பா அதற்கு அடுத்த வருஷமா, வாத்தியார் வந்தது அதே நாள் காலையா என்பதெல்லாம் எனக்குக் குழம்புகிறது. லாத்தா இன்னும் இருக்கிறாள். அவளும் அன்று கதவுக்குள் நின்றவள்தான். யாராவது அவளிடம் கேட்டுத் திருத்திப் போடுங்கள். துணி நீளவில்லை என்பதை மட்டும் திருத்த வேண்டாம். அதை நான் சாண் வைத்து அளந்து பார்த்தேன்.