பின்சீட்டில் குட்டி

இதைக் கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கண்ணாடி கிழித்த காயம் என் கையில் இன்னும் ஆறவில்லை.

அக்கா வீட்டில் தங்கி, மாலை வகுப்பில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். அத்தான் வாங்கிய பழைய காரில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை நானே பொருத்தினேன். முன்னால் பாட்டும் வழிகாட்டும் வரைபடமும். பின்னால் அக்கா மகள் குட்டி கார்ட்டூன் பார்க்க ஒரு திரை. அதோடு விட்டிருக்கலாம். கதவுகளின் பூட்டுக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, பூட்டையும் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். திரையைத் தொட்டால்தான் கதவு திறக்கும். சாவி போட்டால் வெறுமனே சுற்றும்.

"என்னடா இன்ஜினியரு, வண்டி ஓடுமா, இல்ல படம் மட்டும்தான் ஓடுமா?" என்றார் அத்தான்.

"ரெண்டும் ஓடும் அத்தான்."

இருட்டத் தொடங்கியிருந்தது. மைக்கைச் சோதிக்க, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று பதிவு செய்தேன். போட்டுக் கேட்டேன். என் குரலை அடுத்து ஒரு பிஞ்சுக் குரல்...

"நாலு."

குட்டி அப்போது வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் இணைப்பில்தான் ஏதோ தப்பு என்று நினைத்தேன். எப்போதும் அப்படித்தான் நினைப்பேன். மைக்கை மாற்றி, மறுபடி பதிவு செய்யத் தொடங்கினேன்.

குட்டி ஓடி வந்து பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மாமா, இந்த அக்கா யாரு?"

"எந்த அக்கா?"

"என் பக்கத்துல உக்காந்திருக்காளே..."

முன்சீட்டிலிருந்து இறங்கி, கதவைச் சாத்திவிட்டுப் பின்பக்கம் போனேன்.

க்ளக்.

நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன.

சாவியைத் திருகினேன். சுற்றியது.

பானெட் திறந்தே இருந்தது. பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன்.

திரை அணையவில்லை...

"மாமா... கையை விடச் சொல்லு மாமா..."

கல்லை எடுத்தேன். கண்ணாடியில் ஒரே அடி.

அலறல் நின்றது.

உள்ளே கைவிட்டுத் தூக்கி வெளியே எடுத்தேன். அவள்மேல் ஒரு கீறல்கூட இல்லை. அழவும் இல்லை. அக்காதான் அழுதாள்.

"நீயும் உன் படிப்பும்! மாட்டினதை எல்லாம் கழட்டு. இந்தச் சனியன் காலையில பழைய இரும்புக்குப் போகுது" என்று கத்தினார் அத்தான்.

கழற்றினேன். காலையில் கார் போனது. அதன் பிறகுதான் கம்ப்யூட்டரை மேஜையில் வைத்து இயக்கினேன். பதிவை நிறுத்த மறந்திருந்தேன்.

க்ளக். கண்ணாடி உடையும் சத்தம். அக்காவின் அழுகை. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

அப்புறம் குட்டியின் குரல்.

"மாமா... அவளைத் தூக்கிட்டுப் போயிட்டியே... நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்..."

கூடத்துக்கு ஓடினேன். அக்கா மடியில் இருந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் சிமிட்டவில்லை.

இரும்புக் கடைக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, அந்தக் காரை நசுக்காதீங்க!"

"அது அப்பவே தகடாயிடுச்சு தம்பி. ஆமா, ஸ்பீக்கரைக் கழட்டாமலே அனுப்பிட்டீங்களா? கடைசி வரைக்கும் ஒரு குழந்தை 'மாமா, மாமா'ன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு."

ஸ்பீக்கர்கள் நான்கும் என் மேஜைமேல்தான் இருந்தன.