வரைபடத்தில் ஏறிய தேய்மானம்

ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடங்களாகத் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். சப்ளையர்கள் கொண்டுவரும் பாகங்களை அளந்து பார்த்து ஏற்பதோ திருப்பி அனுப்புவதோ என் வேலை. பெரும்பாலும் திருப்பி அனுப்புவேன்.

நாற்பத்தெட்டாவது வயதில், ஆனேக்கல் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிடந்த பழைய காரை வாங்கினேன். நீண்ட மூக்கு, அகலமான பின்புறம், எண்பதுகளில் பணக்கார வீட்டு மாப்பிள்ளைகள் வந்து இறங்கிய வகை. இணையத்தில் இளைஞர்கள் அதை இந்தியாவின் மஸில் கார் என்கிறார்கள். என்னுடையதில் மஸிலைவிடத் துரு அதிகம். இத்தகைய கார்களைப் புதுப்பித்துத் தருகிறவர்கள் பெங்களூரில் உண்டு. அது எனக்குக் கட்டுப்படியாகாது என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே செய்தேன். அழுகிய தரைக்குத் தகடு வெட்டி வைத்துப் பற்றவைத்தேன். முன் சீட்டுகள் காவேரிப்பட்டினத்தில் எடைக்கு உடைத்த ஒரு வேனுடையவை. இரண்டும் ஒரே உயரமில்லை. எட்டு மில்லிமீட்டர் வித்தியாசம்.

மூன்று வருடம் கார் போர்டிகோவை அடைத்துக்கொண்டது. மனைவியின் ஸ்கூட்டர் வெளியே நனைந்தது. காரை கர்நாடகப் பதிவிலிருந்து நம் பதிவுக்கு மாற்ற வேண்டும். அதற்கு வாகன ஆய்வாளர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஒரு வியாழக்கிழமைக்குத் தேதி கிடைத்தது.

“ஏங்க, அன்னைக்குப் பாஸ் ஆகலன்னா எடைக்குப் போட்டுடலாம்” என்றாள் மனைவி. சரி என்றேன். “டைரில எழுதுங்க” என்றாள். எழுதினேன்.

ஒரே ஒரு கோளாறுதான் மிச்சம். ஸ்டீயரிங்கில் ஆட்டம். வளையத்தைக் கால் சுற்று திருப்பிய பிறகுதான் டயர்களுக்குச் செய்தி போய்ச் சேரும். கழற்றிப் பார்த்ததில் ஒரு பித்தளை புஷ், அதாவது ‘பின்’ என்கிற எஃகுத் தண்டு உள்ளே சுழலும் சின்னக் குழல், தேய்ந்திருந்தது. அந்த மாடலுக்குப் புதிய புஷ் எங்கும் கிடைப்பதில்லை. புஷ்ஷை வீட்டுக்குக் கொண்டுபோய், உள்விட்டத்தைப் பன்னிரண்டு இடங்களில் அளந்து சராசரி எடுத்து, முறையான வரைபடம் போட்டேன். கீழே கையெழுத்தும் இட்டேன்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருக்கும் பாய்க்கு என்னை நன்றாகத் தெரியும். அவருடைய சரக்கை நான் எத்தனையோ முறை திருப்பியிருக்கிறேன். வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“பின்னக் கொண்டாரலயா சார்?”

“பின் எதுக்கு பாய்? ட்ராயிங்ல என்ன இருக்கோ அதப் பண்ணுங்க.”

“அதயேவா?”

“அதயே.”

நான்கு நாளில் புஷ் தயார். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்கூட விலகவில்லை. பாயின் பொருளை முதல் தடவையிலேயே நான் ஏற்றுக்கொண்டது அன்றுதான். காரில் மாட்டி வளையத்தைத் திருப்பினேன். கால் சுற்று கழித்து டயர் அசைந்தது.

காரணம் புரியப் பத்து நிமிடம் ஆனது. நான் அளந்தது தேய்ந்த புஷ்ஷை. நாற்பது வருடத் தேய்மானத்தைப் புத்தம் புதிய பித்தளையில், துல்லியமாக, செய்து வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் அந்தப் பின்னையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பாய் சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

“தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்கலாமே பாய்.”

“கேட்டேனே சார். நீங்க கையெழுத்துப் போட்ட ட்ராயிங்க நான் திருத்தலாமா? போன வருசம் ஒருவாட்டி திருத்துனேன். முந்நூறு பீஸ் திருப்பி வந்துச்சு.”

பின்னை அளந்து, அதற்குப் பொருந்த வேறு புஷ் கடைந்து கொடுத்தார். இந்த முறை நான் வரைபடம் கொடுக்கவில்லை. ஆட்டம் போய்விட்டது.

வியாழக்கிழமை மனைவியும் வந்தாள். தீர்ப்பு நேரில் தெரிய வேண்டும் என்றாள். ஆய்வாளர் சேஸிஸ் எண்ணைப் பார்த்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், காரை ஒருமுறை சுற்றி வந்தார். “எங்க சித்தப்பா கல்யாணத்துக்கு இதுலதான் போனோம்” என்றபடி பேனாவைத் திறந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை.

“சார், ஸ்டீயரிங் பாக்கலையே.”

மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். ஆய்வாளர் என்னைப் பார்த்தார், பேனாவை மூடினார், ஏறி ஓட்டிக்கொண்டு போனார். மைதானத்தை இரண்டு முறை சுற்றிவிட்டு வந்தார்.

“ஸ்டீயரிங் புதுக் கார் மாதிரி இருக்குங்க. ஆனா பிரேக் புடிச்சா இடது பக்கம் இழுக்குது. சரி பண்ணிட்டு அடுத்த வியாழக்கிழமை வாங்க.”

திரும்பும் வழியில் ராயக்கோட்டை சாலை சிக்னலைத் தாண்டினோம். டைரியில் எழுதிய வாசகத்தை நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

“எடைக்குத்தானே?” என்று நானே கேட்டேன்.

“கார எதுக்குப் போடணும்? அவர் பாஸ் போடத்தான் பேனா எடுத்தாரு. ஃபெயில் பண்ணது நீங்க.” கொஞ்சம் தள்ளி மறுபடி சொன்னாள்: “பிரேக்க சரி பண்ணுங்க. அடுத்த வாரம் நான் ஓட்டிட்டு வர்றேன். எனக்கும் லைசென்ஸ் இருக்கு. நீங்க வேலைக்குப் போங்க.”

அடுத்த வியாழக்கிழமை நான் வேலைக்குப் போனேன். பதினொன்றே காலுக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது: “பாஸ்.” என்னென்ன பார்த்தார் என்று கேட்டு எழுதினேன். அதற்கு அவள் இன்றுவரை பதில் போடவில்லை.