சும்மா படம்

ஈப்போவில் மூளையைப் படமெடுக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஷாமினிக்குக் கணக்குப் போடும் வேலை. விபத்தில் மனம் உடைந்தவர்களைக் கருவிக்குள் படுக்கவைத்து இரண்டு வகைப் படங்கள் காட்டுவார்கள். நொறுங்கிய கார், ரத்தம் என்று பயமுறுத்துவது ஒன்று. எந்தப் பயமும் தராத சும்மா படம் இன்னொன்று. முதல் வகைக்கு மூளை துடித்த அளவிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதுதான் பயம். அந்தக் கழித்தலை வகுத்தவளே ஷாமினிதான்.

அன்று கருவிக்குள் படுத்த இருளாயிக்கு மிஞ்சியது பூஜ்யம்.

"கோசோங் லா! சுத்தப் பூஜ்யம்!" என்று டாக்டர் ஜெயபாலன் சிரித்தார். கறிபாப்பைக் கடித்துக்கொண்டே 'பாதிப்பு இல்லை' என்று எழுதினார். பாதிப்பு இல்லையென்றால் இலவசச் சிகிச்சையும் இல்லை. சுங்காய் ரப்பர் தோட்டத்தில் மறுநடவுக்கு மரம் சாய்த்தபோது, புருஷன் நசுங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் இருளாயி. அவருக்கா பாதிப்பு இல்லை?

வெளியே பெஞ்சில் காத்திருந்த இருளாயியிடம் ஷாமினி போனாள். "உள்ள பயமா இல்லையாக்கா?"

"ரத்தமெல்லாம் பரவால்ல லா. நடுவுல நடுவுல பால்மரத்தக் காட்டுனீங்களே, அப்பத்தான் உசுரே போச்சு."

"அது... சும்மா படம்க்கா."

"அவரு மேல விழுந்துச்சே, அது சும்மாவா?"

சீ! உள்ளூர்க்காரர்களுக்கு உள்ளூர்ப் படம் என்று, நிரை நிரையாகப் பால்மரம் நிற்கும் படங்களைத் தேடிப் போட்டவளும் ஷாமினிதான். தோட்டத் தொழிலாளியின் பேத்தி வேறு. தன் மூஞ்சியில் தானே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு படத்தையும், படங்களுக்கு இடையே காட்டிய வெறுந்திரையோடு தனித்தனியாக ஒப்பிட்டாள். ரத்தத்துக்கு எகிறிய அளவுக்கே பால்மரத்துக்கும் எகிறியிருந்தது. ஒன்றை ஒன்று தின்றுவிட்டு இவள் கையில் பூஜ்யத்தைக் கொடுத்திருக்கிறது. கொண்டுபோய் டாக்டர் முன்னால் வைத்தாள்.

"மொதல்ல நீங்க எழுதினத அடிங்க, டாக்டர்."

அடித்தார். பெயரைச் சிகிச்சைப் பட்டியலிலும் சேர்த்தார். பிறகு அவர் கண் மின்னியது. "அட, இதுவே தனிக் கட்டுரையாகும் போலிருக்கே! அந்தம்மாவ நாளைக்கு வரச் சொல்லு. மரத்த மட்டும் இன்னும் நாப்பது காட்டிப் பாத்துடலாம்."

அடப்பாவி! ஷாமினி நேராகப் பெஞ்சுக்குப் போனாள்.

"அக்கா, சிகிச்சை கெடச்சிருச்சு. கண்டிப்பா வாங்க. ஆனா அந்தக் கருவிக்குள்ள மட்டும் இனிமே படுக்காதீங்க. யாரு கூப்பிட்டாலும். நானே கூப்பிட்டாலும்."